மூணு நாள் பாரிஸ், நாலு பழைய படம்: கேமராவோட போயிட்டு வந்த அனுபவம்

நவம்பர் முதல் வாரத்துல மூணு ராத்திரி பாரிஸ் போயிட்டு வந்தேன். முழுக்க முழுக்க போட்டோ எடுக்கறதுக்குன்னே போட்ட ட்ரிப். கூட தங்கச்சி வந்தா, அவளுக்கு கேமரா மேல பெருசா ஆசை எல்லாம் கிடையாது, ஊர் சுத்தணும், மியூசியம் பாக்கணும், கால் வலிச்சா எங்கயாச்சும் உக்காந்து வேடிக்கை பாக்கணும், அவ்ளோதான். முதல் நாள நான் மொத்தமா வீணாக்கினேன், அடுத்த ரெண்டரை நாள்ல கத்துக்கிட்டது இத்தன வருஷமா கேமரா வச்சிருந்தும் கத்துக்காத விஷயம். யாராச்சும் ஒரு ஊருக்கு ரெண்டு மூணு நாள் கேமராவத் தூக்கிட்டுப் போறதா இருந்தா அந்த முதல் நாள் அவங்களுக்கு வேண்டாம், அதுக்காகத்தான் எழுதறேன்.

முதல்ல அந்த வெள்ளிக்கிழமை. போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போன் மேப்ல 18 இடம் குறிச்சு வச்சிருந்தேன், ஒவ்வொன்னுக்கும் யாரோ எடுத்த சூப்பர் படம் ஒன்னு சேவ் பண்ணி வச்சு, அதே ஆங்கிள் அதே லைட்டு வேணும்னு மனசுல ஃபிக்ஸ் ஆயிட்டேன். மதியம் ஒரு மணிக்கு ரூம்ல பைய வச்சிட்டு கிளம்பினோம். நவம்பர் ஆரம்பத்துல அங்க சூரியன் காலைல 7.45 வாக்குல உதிக்குது, சாயங்காலம் 5.20க்கெல்லாம் மறைஞ்சிடுது. அதாவது எனக்கு கைல இருந்தது நாலு மணி நேர வெளிச்சம், குறிச்சு வச்சது ஏழு இடம். மெட்ரோல ஏறி இறங்கி ஓடினோம். த்ரோகாதேரோ போனா ஈஃபில் டவர் பாக்கற அந்த மேடைல கல்யாண டிரெஸ் போட்ட ஜோடிங்க நாலஞ்சு, அவங்களுக்கு படம் எடுக்கறவங்க, அவங்கள சுத்தி எங்கள மாதிரி ஆளுங்க, நான் சேவ் பண்ணி வச்ச ஆங்கிள்ல நிக்கவே வரிசை. பீர்-ஹாக்கீம் பாலத்துலயும் அதே கதை, மேல ஆறாம் நம்பர் லைன் ரயில் போகும், கீழ இரும்புத் தூண் வரிசையா நிக்கும், அந்த தூண் நடுவுல வரிசையா கேமராக்காரங்க.

அன்னைக்கு 412 படம். ராத்திரி ரூம்ல லேப்டாப்ல போட்டுப் பாத்தேன், ஷார்ப்பா இருக்கு, எக்ஸ்போஷர் சரியா இருக்கு, ஒன்னுகூட மனசுல நிக்கல. தங்கச்சி பின்னாடி இருந்து பாத்துட்டு, "அண்ணா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இதையும் நீ போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கறதையும் கலந்து காட்டினா எது நீ எடுத்ததுன்னு எனக்கு சொல்லத் தெரியாது"ன்னா. ரொம்ப நேரம் அவளுக்கு பதில் சொல்ல முடியல, ஏன்னா எனக்கே தெரியல.

ஈஃபில் டவர் பத்தி ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன், நிறைய பேர் குழப்பிக்கறாங்க. ராத்திரி டவர படம் எடுக்கறது குத்தம்னு சுத்தற செய்தி தப்பு. டவர் மேல இப்ப யாருக்கும் காப்புரிமை இல்ல, அத கட்டின குஸ்தாவ் ஈஃபில் 1923லயே இறந்துட்டாரு, காப்புரிமைக் காலமும் முடிஞ்சு போச்சு. ஆனா ராத்திரி லைட்டிங் தனி படைப்பு, அதனால அத வியாபாரத்துக்கு பயன்படுத்தணும்னா டவர நடத்தறவங்ககிட்ட அனுமதி வாங்கணும். நமக்காக எடுத்து வச்சுக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல. இருட்டினதும் ஒவ்வொரு மணிக்கும் அஞ்சு நிமிஷம் 20,000 பல்பு மினுக்குதுல்ல, அத எடுக்கறவங்க ஷட்டர ரொம்ப நேரம் திறந்து வச்சா மினுக்கு எல்லாம் கலந்து வெறும் வெள்ளையாயிடும், கால் செகண்டுக்குள்ள எடுங்க, புள்ளி புள்ளியா நிக்கும்.

சரி, திருப்பம் எங்க வந்துச்சுன்னா, அன்னைக்கு ராத்திரி தங்கச்சி கார்னவாலே மியூசியம் எப்ப திறக்கும்னு போன்ல பாத்துட்டு இருந்தா, பாரிஸ் ஊரோட வரலாறு சொல்ற மியூசியம் அது, நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது, திங்கக்கிழமை லீவு. பாக்கும்போது அவங்க ஆன்லைன் கலெக்‌ஷன் பக்கத்துக்குப் போயிட்டா. பாரிஸ் நகராட்சி மியூசியங்க எல்லாம் சேர்ந்து காப்புரிமை முடிஞ்ச படங்கள 2020ல இருந்து பெரிய சைஸ்ல இலவசமா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டுட்டாங்க, அதுல ஒழேன் அத்ஜே எடுத்த பழைய பாரிஸ் தெருப் படங்க ஆயிரக்கணக்குல கிடக்கு, தெரு பேரோட. "இந்தத் தெரு இப்பவும் இருக்காண்ணா?"ன்னு ஒன்ன காட்டினா. மேப்ல அடிச்சோம், இருக்கு, நாங்க தங்கின இடத்துல இருந்து மெட்ரோல இருவது நிமிஷம். எனக்கு தூக்கம் போச்சு. அன்னைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து 18 குறியையும் அழிச்சிட்டு நாலே நாலு பழைய படம் தேர்ந்தெடுத்தோம். அந்தப் படம் எடுத்தவர் எங்க நின்னாரோ அங்க போய் நிக்கறது, அவ்ளோதான் பிளான்.

சனிக்கிழமை காலைல முதல் இடம் ப்ளாஸ் த லா ரெப்புப்ளிக். 1838ல லூயி டாகேர் அந்தப் பக்கம் இருந்த தன்னோட கட்டிட ஜன்னல்ல இருந்து புல்வார் த்யு தாம்ப்ள்ங்கற தெருவ ஒரு வெள்ளி பூசின தகட்டுல எடுத்தாரு. சுறுசுறுப்பான தெரு, வண்டியும் ஜனமும் போயிட்டு வந்துட்டு இருந்திருக்கும், ஆனா தகட்டுல தெரு காலியா இருக்கு, ஏன்னா பல நிமிஷம் எக்ஸ்போஷர் குடுக்க வேண்டியிருந்துச்சு, நகர்ந்த எதுவும் பதியல. ஓரத்துல ஒரே ஒருத்தர் மட்டும் ஒரு கால தூக்கி வச்சு நிக்கறாரு, ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டிருக்காரு, அசையாம நின்னதால பதிஞ்சிட்டாரு. நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் போட்டோல பதிஞ்ச முதல் மனுஷங்கள்ல ஒருத்தர், அவர் யாருன்னு யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் 1839 ஆகஸ்ட் 19ஆம் தேதி பாரிஸ்லதான் டாகேரோட இந்தப் படமெடுக்கற முறைய உலகத்துக்கு வெளிப்படையா சொன்னாங்க. டாகேர் இருந்த கட்டிடம் அதே வருஷம் மார்ச்லயே எரிஞ்சு போச்சு, அந்தப் பகுதியையும் அப்புறம் இடிச்சு பெரிய சதுக்கமா ஆக்கிட்டாங்க, அதனால அந்த ஜன்னல் இடத்துல நிக்க வழியே இல்ல.

நிக்க முடியாட்டி என்ன, அவர் பண்ணத பண்ணலாம்னு தோணுச்சு. சதுக்கத்துல இருக்கற பெஞ்சு மேல ஒரு கைப்பிடி அளவு சின்ன ட்ரைபாட் வச்சேன். வெளிச்சத்த ஆயிரம் மடங்கு குறைக்கற பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்னு கொண்டு போயிருந்தேன், முதல் நாள் பையில இருந்து வெளிய எடுக்கவே இல்ல. மேகமூட்டம், ஃபில்டர் இல்லாம ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்த கேமரா எவ்ளோ பெருக்கிக்காட்டுதுங்கற அளவு, ஏத்தினா படத்துல புள்ளி புள்ளியா வரும்), எஃப் 11ல (லென்ஸ் துவாரத்தோட அளவு) 1/60 செகண்டு காட்டுச்சு, ஃபில்டர் போட்டா 17 செகண்டு வரும். இதுல ஒரு சின்ன விஷயத்துல அரை மணி நேரம் போச்சு: ஃபில்டர் மாட்டினப்புறம் ஆட்டோஃபோகஸ் கண்ணு தெரியாம முன்னும் பின்னும் ஓடுது. மொதல்ல ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்தி, அதுக்கப்புறம் ஃபில்டர மாட்டணும், மாட்டும்போது ஃபோகஸ் ரிங்க தொடவே கூடாது.

இருவது தடவ எடுத்திருப்பேன். நடந்தவங்க எல்லாம் கரைஞ்சு போயிட்டாங்க, ஸ்கேட்போர்டு ஓட்டின பசங்க ஒரு மெல்லிய புகை மாதிரி கோடா வந்தாங்க. யார் பதிஞ்சிருந்தாங்கன்னா, நின்ன இடத்துல போன் பாத்துட்டு இருந்தவங்க. நடுவுல இருக்கற, பிரான்ஸ் குடியரசோட அடையாளமான மரியான் சிலை படிக்கட்டுல, கம்பத்துப் பக்கத்துல, கடை வாசல்ல, அங்கங்க ஒவ்வொரு ஆள், குனிஞ்ச தலையோட, சுத்தி ஊரே காலி. 1838ல ஷூ பாலிஷ் போட நின்னவர் பதிஞ்சாரு, இப்ப போன் பாக்க நின்னவங்க பதியறாங்க. சுடச் சுட கேமரா ஸ்கிரீன்ல அதப் பாத்தப்ப முதுகு சிலிர்த்துச்சு, தங்கச்சிகூட கேமராவ வாங்கி பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தா. இந்த மாதிரி படம் எதையும் நான் போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கல.

அங்கிருந்து மெட்ரோ மூணாம் லைன்லயே நேரா யுரோப் ஸ்டேஷன், மாறவே வேண்டாம். 1932ல ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் சாந்-லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி எடுத்த படம் போட்டோ பழகினவங்க எல்லாருக்கும் தெரியும், தேங்கின தண்ணி மேல ஒருத்தர் தாவறாரு, பாதம் தண்ணியத் தொட இன்னும் ஒரு நூல்தான் பாக்கி, கீழ அவரோட பிம்பம். பலகை வேலி இடுக்குல லென்ஸ விட்டு எடுத்தாரு, ஒரு ஓரத்துல பலகை மறைச்சதால பிரிண்ட் போடும்போது அத வெட்டினாரு. வெட்டாம எடுக்கணும்னு பிடிவாதமா இருந்த மனுஷன் அந்த ஒன்ன வெட்டியிருக்காரு, எனக்கு அதுவே பெரிய ஆறுதல். இப்ப அந்த இடம் அப்படி இல்ல, ப்ளாஸ் த லெரோப்ங்கறது தண்டவாளம் மேல போற பெரிய பாலம், லண்டன், வியன்னா, மாட்ரிட்னு ஐரோப்பிய ஊர் பேரு வச்ச தெருக்கள் வந்து அங்க சந்திக்குது.

காலைல தூறல் போட்டிருந்துச்சு, பாலத்துக்குப் பக்கத்துத் தெரு ஓரத்துல ஒரு முழ அகலத்துக்கு தண்ணி தேங்கியிருந்துச்சு. சரி, இங்கதான் நிக்கப்போறேன்னு முடிவு பண்ணேன். தங்கச்சிகிட்ட "ஒரு மணி நேரம் ஆகும்மா, நீ எங்கயாச்சும் உள்ள போய் உக்காரு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். இத முதல் நாளே பண்ணியிருக்கணும். போட்டோ எடுக்காத ஆள் கூட போறவங்களுக்கு நான் உறுதியா சொல்ற ஒரே விஷயம், நேரத்த முன்னாடியே பிரிச்சுக்கோங்க. நாங்க அப்புறம் காலையும் ராத்திரியும் எனக்கு, மதியம் முழுக்க அவளுக்குன்னு பேசிக்கிட்டோம், மதியத்துல கேமரா பைக்குள்ளயே இருக்கும். பக்கத்துல ஒருத்தர் குளிர்ல நமக்காக காத்துட்டு இருக்காங்கன்ற நினைப்பு இருந்தா கண்ணு படத்துல நிக்காது, அவங்களுக்கும் கசக்கும்.

தெருவுல இப்படி எடுக்கறதுக்கு ஆட்டோஃபோகஸ நம்பாதீங்க, தூரத்த முன்னாடியே வச்சிடுங்க. என்கிட்ட 35 எம்எம் லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கேமரா, எஃப் 8 வச்சு மூணு மீட்டருக்கு ஃபோகஸ் பூட்டிட்டா கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர்ல இருந்து ஏழு மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவா வரும். ஷட்டர் 1/500க்கு கீழ போக விடல, ஐஎஸ்ஓ ஏறினா ஏறட்டும். அப்புறம் கை செய்ய வேண்டிய வேலை ஒன்னே ஒன்னுதான், அமுக்கறது. 50 நிமிஷம் நின்னேன். முக்காவாசிப் பேர் தண்ணிய தூரத்துல இருந்தே பாத்து ஒதுங்கிப் போயிடறாங்க, தாவினவங்க மொத்தம் அஞ்சு பேர், அதுல மூணு பேருக்கு நான் லேட். நாலாவதா ஒரு அம்மா சக்கரப் பெட்டிய இழுத்துட்டு வந்தாங்க, தண்ணிகிட்ட வந்ததும் பெட்டிய ரெண்டு கையால தூக்கி ஒரு எட்டு வச்சாங்க, பெட்டியோட சக்கரம் மட்டும் தண்ணிய உரசிட்டுப் போச்சு, அந்த உரசல்ல ஒரு மெல்லிய கோடு. அது கிடைச்சுச்சு. முதல் நாள் நாலு மணி நேரத்துல ஏழு இடம், அன்னைக்கு ஒரு மணி நேரத்துல ஒரு தண்ணித் தேக்கம்.

இங்க ஆளுங்கள எடுக்கறதப் பத்தி ஒரு வார்த்தை. பிரான்ஸ்ல பொது இடத்துல எடுக்கறது தடை இல்ல, ஆனா அடையாளம் தெரியற மாதிரி ஒருத்தரோட படத்த வெளியிடறதுல அவங்களுக்கு உரிமை இருக்கு, தனி வாழ்க்கைக்கான மரியாதைன்னு சிவில் சட்டத்துலயே இருக்கு, அத அவங்க ரொம்ப சீரியஸா எடுத்துக்கறாங்க. கலைக்காக எடுக்கற தெருப் படங்களுக்கு கோர்ட்டுங்க கொஞ்சம் இடம் குடுத்திருக்காங்கதான், ஆனா ஒருத்தர் கையாட்டி வேண்டாம்னா அங்கயே நிறுத்திடணும். சேன் நதி ஓரத்துல பச்சைப் பெட்டி வச்சு பழைய புத்தகம் விக்கறாங்கல்ல, அதுல ஒரு பெரியவர நான் கேக்காம எடுக்கப் போய் அவர் முகத்த திருப்பிக்கிட்டாரு. எனக்கு உடனே ரொம்ப சங்கடமா போச்சு, கிட்டப் போய் மன்னிப்பு கேட்டு அந்தப் படத்த அவர் முன்னாடியே அழிச்சேன். அடுத்த பெட்டிக்காரர்கிட்ட முதல்ல "போன்ஷூர்"னு வணக்கம் சொல்லி, ரெண்டு போஸ்ட்கார்டு பாத்து வாங்கிட்டு, அப்புறம் கேமராவ காட்டி கண்ணால கேட்டேன், அவர் தொப்பிய சரி பண்ணிட்டு நிமிந்து நின்னாரு. அங்க எதுக்குமே போன்ஷூர் சொல்லாம ஆரம்பிக்காதீங்க, கடை, மியூசியம், வழி கேக்கறது எதுவா இருந்தாலும்.

சனிக்கிழமை ராத்திரி ப்ரஸாயோட பாரிஸ். 1930கள்ல ராத்திரி ராத்திரியா இந்த ஊர்ல நடந்து, மூடுபனி, தெருவிளக்கு, பாலம், ஈரக் கல்லுனு எடுத்தவர். எக்ஸ்போஷர் நேரத்த சிகரெட்ட வச்சு கணக்கு பண்ணுவேன்னு அவரே சொல்லியிருக்காரு, வெளிச்சம் கொஞ்சம் இருந்தா ஒரு ஃகோலுவாஸ் எரிஞ்சு முடியற நேரம், ரொம்ப இருட்டா இருந்தா பெரிய சிகரெட்டான பொய்யார். அவர் எடுத்த பான் நஃப் பாலத்துக்கே போனோம். பேருக்கு அர்த்தம் புதுப் பாலம், ஆனா 1607ல கட்டி முடிச்சது, இப்ப பாரிஸ்ல நிக்கற பாலங்கள்லயே அதுதான் பழசு. பாலம் நெடுக அரை வட்டமா வெளிய நீட்டிட்டு இருக்கற கல் திண்ணைங்க இருக்கு, போட்டோ எடுக்கறவங்களுக்குன்னே கட்டின மாதிரி. பெரிய ட்ரைபாட் தூக்கிட்டுப் போகவே வேண்டாம், கைப்பிடிச் சுவர் மேல சின்ன ட்ரைபாட் வச்சு, கேமராவோட வார்ப்பட்டைய கைல சுத்திக்கிட்டு, ரெண்டு செகண்டு டைமர் போட்டா போதும். கீழ தண்ணி, அதனால வார்ப்பட்டைய மட்டும் மறக்காதீங்க.

நான் கவனிச்ச ஒன்னு, முழுசா இருட்டினப்புறம் எடுத்த படங்கள விட சூரியன் மறைஞ்சு 15, 20 நிமிஷத்துல எடுத்ததுதான் நல்லா வந்துச்சு, வானத்துல நீலம் இருக்கும்போதே தெருவிளக்கும் எரியும், ரெண்டும் ஒரே அளவு வெளிச்சத்துல சந்திக்கற நேரம் கொஞ்சம்தான். பாரிஸ் 48 டிகிரிக்கு மேல வடக்க இருக்கறதால சூரியன் சாய்வா இறங்குது, அந்த நேரம் கொஞ்சம் நீண்டு கிடைக்குது. பகல்லயும் அப்படித்தான், நவம்பர்ல நடு மதியம்கூட சூரியன் 25 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறுது, நாள் பூரா நிழல் நீளமா விழும், ஆனா சந்துக்குள்ள வெயில் இறங்கவே இறங்காது. போறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல அந்த மாசம் சூரியன் எங்க உதிச்சு எங்க மறையுதுன்னு ஒரு தடவ பாத்து வச்சுக்கிட்டா பாதி பிளான் தானா போட்டுக்கும்.

குளிர் ஆறு டிகிரி இருக்கும். பேட்டரி 60 சதவீதம் காட்டிட்டு இருந்தது பொசுக்குனு அணைஞ்சிடுச்சு. ஸ்பேர் பேட்டரி பேக்பேக் வெளிப் பாக்கெட்டுல இருந்துச்சு, அதுவும் ஜில்லுனு, போட்டா பாதிதான் காட்டுச்சு. தங்கச்சிதான் செத்துப்போன பேட்டரிய வாங்கி ஜாக்கெட் உள்பாக்கெட்டுல வச்சா, பத்து நிமிஷம் கழிச்சு அதப் போட்டா இன்னும் முப்பது படம் எடுத்துச்சு. குளிர் ஊருக்குப் போனா பேட்டரி உடம்போட ஒட்டி இருக்கணும், அது அவ்ளோ முக்கியம். அப்புறம் சூடா இருக்கட்டும்னு ஒரு காஃபிக் கடைக்குள்ள போனதும் லென்ஸ் மொத்தமா ஆவி படிஞ்சு கண்ணாடி வெள்ளையாயிடுச்சு, துடைக்க துடைக்க திரும்ப வந்துச்சு. துடைக்காதீங்க, உள்ள போறதுக்கு முன்னாடி வெளியவே கேமராவ ஒரு ஜிப் கவருக்குள்ள போட்டு மூடிட்டு போங்க, ஆவி கவர் மேல படியும், கேமராவ அரை மணி நேரம் விட்டு எடுத்தா ஒன்னும் ஆகாது. திரும்பி வரும்போது பாலத்துல நடந்து போறவங்கள கைலயே பிடிச்சு எடுக்கறதுக்காக ஐஎஸ்ஓ 3200 வச்சேன். அந்த 3200தான் அடுத்த நாள் என்ன கவுத்துச்சு.

ஞாயித்துக்கிழமை அத்ஜேயோட நாள், நான் மனசுல ரொம்ப எதிர்பாத்தது. அத்ஜே 1857ல பொறந்து 1927ல இறந்தாரு, மோம்பர்னாஸ் பக்கம் ரியு காம்பாஞ்-ப்ரெமியேர் தெருவுல குடியிருந்தாரு. கனமான மரக் கேமரா, 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு, ட்ரைபாட், எல்லாத்தையும் தூக்கிட்டு விடியக்காலைல ஆள் நடமாட்டம் வர்றதுக்கு முன்னாடி கிளம்பிடுவாரு. கதவு, மாடிப்படி, கடை ஜன்னல், முடுக்குச் சந்துன்னு முப்பது வருஷம். தன்ன கலைஞன்னு சொல்லிக்கிட்டதே இல்ல, வாசல்ல போட்டிருந்த பலகைல ஓவியர்களுக்கான ஆவணங்கள்னுதான் எழுதியிருந்தாரு. அவர் தெருவுலயே குடியிருந்த மேன் ரே அவர் படத்த ஒரு பத்திரிகைல போடக் கேட்டப்ப, என் பேரு போடாதீங்க, இது வெறும் ஆவணம்னு சொல்லிட்டாரு. அவர் இறந்தப்புறம் பெரனிஸ் அபாட்ங்கற அமெரிக்கப் பொண்ணு, மேன் ரேகிட்ட உதவியாளரா இருந்தவங்க, மிச்சமிருந்த தகடுகளையும் பிரிண்ட்டுகளையும் வாங்கிக் காப்பாத்தி ஊர் ஊரா அவர் பேர சொன்னாங்க, அவங்க இல்லாட்டி நமக்கு அத்ஜேவே தெரிஞ்சிருக்க மாட்டாரு. 1990கள் கடைசில கிறிஸ்டஃபர் ராஷன்பெர்க்ங்கற போட்டோகிராபர் அத்ஜே நின்ன இடங்கள்ல நூத்துக்கணக்குல திரும்பப் போய் நின்னு எடுத்திருக்காரு. நாங்க ஒரே ஒரு இடம்தான் எடுத்துக்கிட்டோம், ரியு த சேன் தெருவும் ரியு த லெஷோதேவும் பிரியற முனை, 1924ல எடுத்தது. ரெண்டு தெருவும் கத்தரி மாதிரி பிரியும், நடுவுல ஒரு கட்டிடம் ஒல்லியா கப்பல் மூக்கு மாதிரி நிக்கும்.

7.30க்கு அங்க போயிட்டோம், தெருவிளக்கு எரிஞ்சிட்டு இருந்துச்சு, ஞாயித்துக்கிழமைங்கறதால ஒரு ஈ காக்கா இல்ல. பழைய படம் எடுத்த இடத்த கண்டுபிடிக்கறது சும்மா குத்துமதிப்பா நின்னு பாக்கற வேலை இல்லங்கறது அப்பதான் தெரிஞ்சுச்சு. லென்ஸ மாத்தறதாலயோ ஜூம் பண்றதாலயோ எது எத மறைக்குதுங்கறது மாறாது, நிக்கற இடம் மட்டும்தான் அத மாத்தும். அதனால பழைய படத்துல முன்னால இருக்கற கட்டிடத்தோட ஓரம் பின்னால இருக்கற எந்த ஜன்னல எவ்ளோ மறைக்குதுன்னு பாக்கணும். தங்கச்சி போன்ல பழைய படத்த பெருசு பண்ணி வச்சிக்கிட்டு சொல்லிட்டே வந்தா, "இன்னும் ரெண்டு எட்டு இடது பக்கம்ணா, அந்த ஜன்னல் பாதிதான் தெரியணும், இல்ல இல்ல தாண்டிட்ட, திரும்ப வா." இடது வலது சரியானதும் முன்ன பின்ன, அதுவும் ஆனதும் உயரம். கால் மணி நேரத்துல ஒரு கட்டத்துல எல்லாம் டக்குனு பொருந்தி உக்காந்துச்சு, அந்தக் கணத்துல அத்ஜேயோட ட்ரைபாட் கால் ஊனியிருந்த கல்லு மேலதான் நான் நிக்கறேன்னு தோணிட்டு பேச்சே வரல. அந்தப் படம் எடுத்தப்ப அவருக்கு 67 வயசு.

கேமராவ மேல தூக்கிப் பாத்தா கட்டிடம் பின்னாடி சாயற மாதிரி வரும், அத்ஜே படத்துல சாயாது, ஏன்னா அவர் கேமராவ மட்டமா வச்சிட்டு லென்ஸ மட்டும் மேல ஏத்துவாரு, சில படத்துல மேல் ரெண்டு மூலையும் வளைவா கருத்திருக்கறது அதனாலதான். நம்ம லென்ஸ்ல அது முடியாது. அதுக்கு பதிலா கேமராவ மட்டமா வச்சு, படத்துல கீழ ரோடு நிறைய வந்தாலும் பரவாயில்லன்னு எடுத்துட்டு அப்புறம் கீழ வெட்டிக்கிட்டேன். வெட்டறதுக்கு எதிரா இருந்த கார்த்தியே-ப்ரெஸ்ஸோனே ஒன்னு வெட்டினாருல்ல.

40 படம் எடுத்தேன். சந்தோஷமா நடந்து வந்து மெட்ரோல உக்காந்து பெருசு பண்ணிப் பாத்தா எல்லாம் மணல் தூவின மாதிரி இருக்கு. ஐஎஸ்ஓ 3200. முந்தின ராத்திரி வச்சது அப்படியே. சின்ன ட்ரைபாட் பையிலயே இருந்துச்சு, ஐஎஸ்ஓ 100ல நிதானமா எடுத்திருக்கலாம், எல்லா நேரமும் இருந்துச்சு. நிக்கற இடத்த அவ்ளோ கவனமா தேடினவன் கேமரா மேல இருந்த ஒரு நம்பர பாக்கல. அன்னைல இருந்து ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி பேட்டரி சார்ஜுக்கு போடறப்பவே ஐஎஸ்ஓ, வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்துக்கு ஏத்த செட்டிங்), ஃபோகஸ் மோடு மூணையும் பழையபடி வச்சிட்டுத்தான் படுக்கறேன், கார்டுல இருக்கறத லேப்டாப்புக்கும் ஒரு சின்ன டிஸ்க்குக்கும் ரெண்டு காப்பி போட்டு, டிஸ்க்க கேமரா பையில வைக்காம துணிப் பையில வைக்கறேன். பை ஒன்னு போனாலும் படம் போகாது.

மதியம் அவளோட நேரம், கார்னவாலே போனோம், வெளிய வந்தா நல்ல மழை. மழை வந்தா பாரிஸ்ல எங்கயும் ஒளிய வேண்டாம், கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடைச் சந்துங்க இருக்கு, பாசாஜ்னு பேரு, காலேரி விவியேன் 1823ல கட்டினது, பாசாஜ் தே பனோராமா அதுக்கும் முன்னாடி 1800 வாக்குல. மேல கண்ணாடி வழியா வெளிச்சம் வடிகட்டி இறங்கும், முகத்துல நிழலே விழாது. கேமரா வெளிய எடுக்க மாட்டேன்னு சொன்ன நேரம் அது, தங்கச்சியே "எடுத்துக்கோண்ணா, என்னத்தான் எடேன்"ன்னா. மூணு நாள்ல அவள எடுத்த நல்ல படம் அங்க மொசைக் தரைல நின்னு எடுத்ததுதான். கடை விளக்கு மஞ்சள், மேல வானம் நீலம், ரெண்டும் கலக்கறதால ஆட்டோ வைட் பேலன்ஸ் குழம்பும், RAW ஃபைலா (கேமரா பதிஞ்சத அப்படியே வைக்கற ஃபைல்) எடுத்து வச்சிட்டு அப்புறமா பாத்துக்கறது நல்லது.

திங்கக்கிழமை பத்தரைக்கு கிளம்பணும். ஆறரைக்கு நான் சத்தம் போடாம எந்திரிச்சேன், அவ தூங்கட்டும்னு. பாத்தா அவ ஜாக்கெட் போட்டு ரெடியா உக்காந்திருக்கா, "வா, அந்த ஜன்னல் பாதிதான் தெரியணும், உனக்கு தனியா வராது."

ராத்திரி பூரா மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. ரியு த சேன் முனைக்குப் போனா சரியா அந்த மூக்குக் கட்டிடத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளை டெலிவரி வண்டி நிக்குது, படத்துல பாதிய அடைச்சிட்டு. ட்ரைபாட அதே கல்லு மேல வச்சோம், மட்டம் பாத்தோம், ஐஎஸ்ஓ 100 ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தோம், நின்னோம். 7.40, 7.50, எட்டு மணி. வானம் வெளுத்துட்டே வருது, எனக்கு வேணும்ங்கற சாம்பல் வெளிச்சம் கைவிட்டுப் போயிட்டு இருக்கு. எட்டு அஞ்சுக்கு ஒருத்தர் வந்தாரு, எங்களையும் கேமராவையும் பாத்தாரு, கட்டிடத்தப் பாத்தாரு, ஒரு கைய உயர்த்திக் காட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு.

தெரு மொத்தம் நனைஞ்சு பளபளன்னு இருக்கு, வண்டி நின்ன இடம் மட்டும் காஞ்சு போய் வெளிர் நிறத்துல நீள் சதுரமா கிடக்கு. அது காஞ்சே கிடக்கறப்பவே எடுத்துட்டேன், 1.3 செகண்டு, மூணு தடவ. நாலாவது எடுக்கறதுக்குள்ள மறுபடியும் தூற ஆரம்பிச்சிடுச்சு, தங்கச்சி அவளோட ஸ்கார்ஃப எடுத்து கேமரா மேல போட்டா, நாங்க பாத்துட்டு இருக்கும்போதே அந்த சதுரம் புள்ளி புள்ளியா நனைஞ்சு தெருவோட சேர்ந்துடுச்சு.